ஜாக்கி: இறங்க மறுக்கும் திருகு

ஜாக்கி என்று சொன்னதும் சிலருக்குக் குதிரைப் பந்தயம் நினைவுக்கு வரும். பலருக்குப் பனியன் விளம்பரம் வரும். மெக்கானிக்கல் மாணவர்களுக்கு மட்டும் மெஷின் டிராயிங் வகுப்பு வரும். பாடி, நட், திருகுத் தண்டு, கப், டாமி பார் என்று தனித்தனியாக வரைந்து, பிறகு எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்து அசெம்ப்ளி வரைவதற்குள் பென்சில் பாதி தேய்ந்துவிடும். அத்தனை பாடுபட்டு வரைந்தவர்களில் எத்தனை பேர் அந்தக் கருவியைக் கையால் ஒருமுறை சுற்றிப் பார்த்திருப்பார்கள் என்பது வேறு விஷயம். :)

வைவாவில் இந்த ஜாக்கியைப் பற்றிக் காலங்காலமாக ஒரு கேள்வி உண்டு.

"ஸ்க்ரூ ஜாக்கின் எஃபிசியன்ஸி எவ்வளவு இருக்கும்?"

"50 சதவீதத்துக்கும் குறைவு சார்."

"ஏன்?"

"உராய்வு சார்."

"பாதிக்கு மேல் வீணாகிற கருவியை ஏன் இன்னும் பயன்படுத்துகிறார்கள்?"

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் கூரையைப் பார்ப்பார்கள். புத்தகத்தில் பதில் இருக்கிறது. ஆனால் நோட்ஸில் 'குறைகள்' என்ற தலைப்பின் கீழ் முதல் வரியாக 'குறைந்த பயனுறுதிறன்' என்று எழுதி மனப்பாடம் செய்தவர்களுக்கு, அந்தக் குறைதான் இந்தக் கருவியின் உயிர் என்று தோன்றாது. அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை. பள்ளி இயற்பியல் தெரிந்தால் போதும்.

சுருட்டி வைத்த மலைப்பாதை

ஒரு காகிதத்தைச் செங்கோண முக்கோணமாக வெட்டிக்கொள்ளுங்கள். அதை ஒரு பென்சிலைச் சுற்றி உருட்டுங்கள். முக்கோணத்தின் சாய்ந்த ஓரம் பென்சிலைச் சுற்றிச் சுற்றி மேலே ஏறும். அதுதான் திருகின் மரை. திருகு என்பது சுருட்டி வைத்த சாய்தளம், அவ்வளவுதான். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் போட்டதும் இதே கணக்கில்தான். நேராக ஏற முடியாத உயரத்தை வளைந்து வளைந்து ஏறினால், தூரம் கூடும், பாடு குறையும்.

ஒரு முழுச் சுற்றுக்குத் திருகு எவ்வளவு உயர்கிறதோ, அதுதான் புரியிடைத் தூரம். பதினொன்றாம் வகுப்பில் திருகு அளவியை வைத்துக்கொண்டு கம்பியின் விட்டம் அளந்தோமே, அதே புரியிடைத் தூரம்தான்.

இப்போது ஒரு சின்ன கணக்கு. ஒரு ஜாக்கியின் புரியிடைத் தூரம் 10 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மரையின் சராசரி விட்டம் 45 மி.மீ. சுற்றுகிற கம்பியின் நீளம், திருகின் மையத்திலிருந்து 700 மி.மீ. கை ஒரு முழு வட்டம் போனால் கிட்டத்தட்ட 4,400 மி.மீ. நகரும். அதே நேரத்தில் பாரம் ஏறுவது வெறும் 10 மி.மீ. அதாவது 440-க்கு 1. உராய்வே இல்லாத சொர்க்கத்தில், 1 கிலோ அழுத்தத்தை வைத்து 440 கிலோவைத் தூக்கலாம்.

ஆனால் சொர்க்கத்தில் யாருக்கும் ஜாக்கி தேவைப்படாது! பூமியில் உராய்வு உண்டு. உராய்வுக் குணகம் 0.15 என்று எடுத்தால், இந்த மரையின் பயனுறுதிறன் ஏறக்குறைய 32 சதவீதம்தான் வரும். 440 என்பது 140-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். 5 டன் பாரத்தைத் தூக்கக் கையில் 36 கிலோ அளவுக்கு அழுத்த வேண்டும். தலைப்பகுதியில் உராயும் இடத்தையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். ஆனாலும் ஒரு ஆள் முழு உடம்பையும் கொடுத்து அழுத்தினால் முடிகிற காரியம்தான். ஒரு மனிதன், 5 டன்! மூன்றில் இரண்டு பங்கு உழைப்பு வீணான பிறகும்.

வீணானது எங்கே போனது?

இங்கேதான் விஷயம். அந்தக் கம்பியிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது. பாரம் அங்கேயே நிற்கும். 5 டன்னும் திருகைக் கீழே தள்ளிச் சுழற்றப் பார்க்கிறது. ஆனால் மரையின் சரிவு வெறும் 4 டிகிரி. உராய்வுக் கோணமோ எட்டரை டிகிரி. சரிவைவிட உராய்வு பெரியது. சரிவு குறைந்த பலகையில் வைத்த செங்கல் வழுக்காமல் உட்கார்ந்திருக்கிற மாதிரி, பாரம் மரையின் மேல் உட்கார்ந்துவிடுகிறது. இறக்க வேண்டுமானால்கூட நாம்தான் எதிர்ப்பக்கமாகத் தள்ள வேண்டும். அதே கணக்கின்படி இறக்குவதற்கும் 12, 13 கிலோ அழுத்தம் தேவை. தானாக இறங்காது. இதைத்தான் 'செல்ஃப் லாக்கிங்' என்கிறார்கள்.

இப்போது அந்த 50 சதவீதக் கேள்விக்கு வருவோம். சரிவுக் கோணம் உராய்வுக் கோணத்தைவிடச் சிறியதாக இருந்தால்தான் பாரம் தானாக இறங்காது. அப்படி இருக்கும்போது சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். பயனுறுதிறன் பாதியைத் தாண்டவே முடியாது. இரண்டும் ஒரே நிபந்தனையின் இரண்டு முகங்கள். எஃபிசியன்ஸியை 90 சதவீதமாக ஆக்க வேண்டுமா? ஆக்கலாம். மரைக்கு நடுவே குண்டுகளை ஓடவிட்டு 'பால் ஸ்க்ரூ' செய்தால் போதும், சி.என்.சி. இயந்திரங்களில் அதுதான் இருக்கிறது. ஆனால் அதன் தலையில் 5 டன்னை வைத்துவிட்டுக் கையை எடுத்தால், அது தானாகச் சுழன்று விர்ரென்று இறங்கும். தனியாக ஒரு பிரேக் வைத்தால்தான் நிற்கும்.

ஆக, சாதாரண ஜாக்கியில் வீணாகிறது என்று நாம் எழுதி வைத்த அந்த உழைப்பு, வீணாகவில்லை. அது காவலுக்குக் கொடுத்த சம்பளம். ஏற்றும்போது நம்மைத் தடுக்கிற அதே உராய்வுதான், ஏற்றி முடித்ததும் பாரத்தைத் தடுக்கிறது. நமக்கு மட்டும் உதவு, பாரத்தை மட்டும் தடு என்று உராய்விடம் பேரம் பேச முடியாது.

எண்ணெயில் இயங்கும் ஹைட்ராலிக் ஜாக்கி இதைவிட வேகமானது, சுலபமானது. லாரி பட்டறைகளில் அதுதான் ராஜா. ஆனால் அதன் உள்ளே பாரத்தைத் தாங்குவது எண்ணெய். எண்ணெயை அடைத்து வைத்திருப்பது ஒரு ரப்பர் சீலும் ஒரு வால்வும். சீல் கசிந்தால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அதனால்தான் விவரம் தெரிந்த மெக்கானிக், ஹைட்ராலிக் ஜாக்கியில் வண்டியைத் தூக்கியதும், ஸ்டாண்டு ஒன்றை முட்டுக் கொடுக்காமல் அடியில் போகமாட்டார். திருகு ஜாக்கியாக இருந்தாலும் போகக் கூடாது. திருகு இறங்காமல் இருக்கலாம், ஆனால் ஜாக்கியே சரியலாம், தரை அமுங்கலாம். தொடர்ந்து அதிர்ந்துகொண்டே இருந்தால் மரையும் மெல்ல இளகலாம்.

ரயில் பணிமனைகளில் பெட்டியைத் தூக்கிச் சக்கரத் தொகுதியை வெளியே எடுக்க, மோட்டாரில் சுழலும் பெரிய திருகு ஜாக்கிகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். நான்கு மூலைக்கு நான்கு. நான்கும் ஒரே கட்டுப்பாட்டுப் பலகையின் கீழ், ஒரே அளவில் ஏறும். அந்த ஜாக்கிகளில் ஒரு அழகான ஏற்பாடு உண்டு. தண்டு எஃகு, அதில் ஏறி இறங்கும் நட்டு வெண்கலம். இரண்டும் உராயும்போது தேய வேண்டியது மெத்தென்ற நட்டுதான், தண்டு அல்ல. அந்த நட்டுக்குக் கீழே இன்னொரு நட்டு, பாரம் எதுவும் தாங்காமல் சும்மா கூடவே ஏறி இறங்கும். மேல் நட்டு தேயத் தேய, இரண்டுக்கும் உள்ள இடைவெளி குறையும். அந்த இடைவெளியை அளந்தால் எப்போது மாற்றவேண்டும் என்று தெரிந்துவிடும். ஒருவேளை யாரும் அளக்காமல் விட்டு மேல் நட்டின் மரை அறுந்தாலும், சும்மா இருந்த கீழ் நட்டு தாங்கிக்கொள்ளும். சும்மா இருப்பதுபோல் தெரிகிற சிலரை வீட்டில் திட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளலாம். :)

ஊரையே தூக்கியவர்கள்

திருகு நேற்று வந்த சமாச்சாரம் அல்ல. முதலாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹீரோன், பாரம் நகர்த்த உதவும் ஐந்து எளிய கருவிகளில் ஒன்றாகத் திருகைச் சேர்த்திருக்கிறார். ஒலிவ எண்ணெய் பிழியவும் திராட்சை பிழியவும் ரோமானியர்கள் திருகுச் செக்குகள் வைத்திருந்தார்கள். லியோனார்டோ டா வின்சியின் குறிப்பேடுகளில் பாரம் தூக்கும் திருகின் படம் இருக்கிறது. ஆனால் ஒரு பெரிய திருகு இருந்தால் போதாது. ஆயிரக்கணக்கான திருகுகள், எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் என்னவெல்லாம் செய்யலாம் என்று உலகத்துக்குக் காட்டிய ஊர் சிகாகோ.

சிகாகோ மிச்சிகன் ஏரிக்கரையில், ஏரி மட்டத்தைவிடச் சில அடிகளே உயரமான சதுப்பில் உட்கார்ந்த ஊர். மழை பெய்தால் தண்ணீர் வடியாது. தெருவில் சேறு, சேற்றில் கழிவு. 1854-ல் காலரா வந்து ஊரைச் சூறையாடியது. 1855-ல் கழிவுநீர் ஆணையம் ஒன்றை அமைத்து, பாஸ்டனிலிருந்து எல்லிஸ் செஸ்ப்ரோ என்ற பொறியாளரை அழைத்து வந்தார்கள்.

செஸ்ப்ரோவுக்கு ஒரு சிக்கல். கழிவுநீர்க் குழாய் சரிவாக இருந்தால்தான் தண்ணீர் தானாக ஓடும். மண்ணைத் தோண்டிச் சரிவு கொடுக்கலாம் என்றால், கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். அவர் தோண்டவில்லை. குழாய்களைத் தெருவின் மேலேயே போட்டு, அதன் மேல் மண்ணைக் கொட்டித் தெருவை உயர்த்திவிடலாம் என்றார்.

தெரு உயர்ந்தது. வீடுகள்? அவை பழைய மட்டத்திலேயே நின்றன. கடை வாசலுக்குத் தெருவிலிருந்து படியிறங்கிப் போக வேண்டிய நிலை. சென்னைக்காரர்கள் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு வரும் என்பது தெரியும். கொஞ்சம் பொறுங்கள், அங்கேயும் வருவோம்.

மரவீடு வைத்திருந்தவர்கள் வீட்டையே உருளைகளின் மேல் ஏற்றி, இழுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போனார்கள். செங்கல் கட்டடத்தை இழுத்துக்கொண்டு ஓட முடியாது. தூக்கத்தான் வேண்டும். 1858 ஜனவரியில் முதல் செங்கல் கட்டடம் ஏறியது. நான்கு மாடி, 70 அடி நீளம், 750 டன். 200 திருகு ஜாக்கிகள். 6 அடி 2 அங்குலம் உயர்த்தினார்கள். சுவரில் சேதம் இல்லை. பாஸ்டனிலிருந்து வந்த ஜேம்ஸ் பிரவுன் என்ற பொறியாளர் அதைச் செய்து காட்டியதும், ஊர் முழுவதும் 'எங்களுடையதையும் தூக்குங்கள்' என்று வரிசையில் நின்றது.

1860-ல் நடந்ததுதான் உச்சம். லேக் தெருவில் கிளார்க், லசால் தெருக்களுக்கு நடுவே இருந்த முழு வரிசையையும் ஒரே நேரத்தில் தூக்கினார்கள். நீளம் 320 அடி. நான்கு மாடி, ஐந்து மாடிக் கட்டடங்கள். அன்றைய மதிப்பீட்டில் எடை 35,000 டன். 6,000 ஜாக்கிகள், 600 ஆட்கள். ஐந்து நாளில் 4 அடி 8 அங்குலம். உள்ளே கடைகளில் வியாபாரம் நடந்துகொண்டே இருந்தது. தூக்கி முடித்ததும், கீழே புது அஸ்திவாரச் சுவரைக் கட்டுவதற்கு முன் வேடிக்கை பார்க்க ஊரே கூடியது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 35,000 டன்னை 6,000 ஜாக்கிக்குப் பிரித்தால், ஒன்றுக்கு 6 டன்னுக்கும் கொஞ்சம் குறைவு. மேலே நாம் போட்ட 5 டன் கணக்குக்குப் பக்கத்தில்தான் வருகிறது. ஒரு ஆளுக்கு 10 ஜாக்கிகள். சமிக்ஞை கொடுத்ததும் ஒவ்வொருவரும் தன் பொறுப்பில் உள்ள ஜாக்கிகளைச் சொன்ன அளவுக்கு மட்டும் திருப்ப வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. நம்முடைய 10 மி.மீ. திருகில், ஒரு சமிக்ஞைக்குக் கால் சுற்று என்று வைத்தால், ஒரு தடவைக்கு இரண்டரை மி.மீ. உயரும். 4 அடி 8 அங்குலத்துக்குக் கிட்டத்தட்ட 570 சமிக்ஞைகள். 6,000 ஜாக்கிகளில் ஒவ்வொன்றும் 570 தடவை. அதில் ஒருவர் கவனம் சிதறி ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றினால், அந்த இடத்தில் சுவர் வெடிக்கும். செங்கல் சுவர் அழுத்தத்தைத் தாங்கும், வளைவதைத் தாங்காது.

கட்டடத்தைத் தூக்குவது பலத்தால் அல்ல, சமமாகத் தூக்குவதால்தான் முடிகிறது. 600 பேரில் பலசாலி யாரும் தேவையில்லை. அவசரக்காரர் ஒருவர் இருந்தால் போதும், எல்லாம் போயிற்று.

1861-ல் ட்ரெமான்ட் ஹவுஸ் என்ற பெரிய ஓட்டலை 5,000 ஜாக்கிகளும் 500 ஆட்களும் தூக்கினார்கள். உள்ளே விருந்தினர்கள் தங்கிக்கொண்டே இருந்தார்கள். வாசல் படிகள் நாளுக்கு நாள் ஏன் கூடிக்கொண்டே போகின்றன என்று ஒரு விருந்தினர் குழம்பினார் என்று ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. கதை கொஞ்சம் மிகையாக இருக்கலாம், ஆனால் அவ்வளவு மெதுவாகத்தான் ஏறியது.

லேக் தெருவைத் தூக்கியவர்களிலும் ஓட்டலைத் தூக்கியவர்களிலும் ஒருவர் பெயர் ஜார்ஜ் புல்மன். அவருடைய அப்பா, ஈரி கால்வாயை அகலப்படுத்தியபோது கரையோர வீடுகளை நகர்த்திப் பிழைத்தவர். மகன் அதைக் கற்றுக்கொண்டு சிகாகோவுக்கு வந்தார், சம்பாதித்தார், பிறகு படுக்கை வசதி கொண்ட ரயில் பெட்டிகள் செய்து பெரும் பணக்காரர் ஆனார். தொழிலாளர்களுக்கென்று ஒரு ஊரையே கட்டினார். 1893-ல் தொடங்கிய பொருளாதார நெருக்கடியில் கூலியைக் குறைத்தார், அந்த ஊரில் வாங்கிய வாடகையை மட்டும் குறைக்கவில்லை. 1894-ல் அமெரிக்க வரலாற்றிலேயே பெரிய வேலைநிறுத்தங்களில் ஒன்று வெடித்தது. சுவரின் ஒரு மூலை இறங்கி மறு மூலை இறங்காவிட்டால் என்ன ஆகும் என்பது, 34 வருடங்களுக்கு முன் லேக் தெருவில் நின்ற மனிதருக்குத் தெரியாதா என்ன?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஊரைத் தூக்கியதோடு சிகாகோவின் பிரச்சினை தீரவில்லை. குழாய்களில் ஓடிய கழிவு ஆற்றுக்குப் போனது, ஆறு ஏரிக்குப் போனது, ஏரியிலிருந்துதான் குடிநீர் எடுத்தார்கள். கடைசியில் 1900-ல் ஒரு பெரிய கால்வாய் வெட்டி, ஆற்றையே ஏரியை விட்டு எதிர்த்திசையில் ஓட வைத்தார்கள். 1871-ல் வந்த பெருந்தீயில், அரும்பாடுபட்டுத் தூக்கிய ட்ரெமான்ட் ஹவுஸ் உள்பட ஊரின் நடுப்பகுதியே எரிந்துபோனது. கட்டடங்கள் போயின. உயர்த்திய தெருமட்டம் மட்டும் நின்றது.

அதே அமெரிக்காவில் கால்வெஸ்டன் என்ற கடற்கரை ஊர். 1900 செப்டம்பரில் அடித்த புயலில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அதன் பிறகு கடல் சுவர் எழுப்பி, ஊரையும் மணல் கொட்டி உயர்த்தினார்கள். 2,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் ஜாக்கியில் ஏறின. அதில் 3,000 டன் எடையுள்ள ஒரு தேவாலயமும் உண்டு, அதற்கு 700 ஜாக்கிகள், 5 அடி உயரம். மணல் கொட்டும் செலவைப் பொதுவில் ஏற்றார்கள். ஆனால் அவரவர் வீட்டைத் தூக்கும் செலவு அவரவருடையது. சிகாகோவிலும் அப்படித்தான். தெரு ஊருடையது, வீடு உன்னுடையது!

சரி, சென்னைக்கு வருவோம்

சென்னையில் யாரும் திட்டம் போட்டுத் தெருவை உயர்த்தவில்லை. அது தானாக உயர்ந்தது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல், அதன் மேலேயே புதுத் தார். சில வருடம் கழித்து, அதன் மேல் இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் சில அங்குலம். இருபது, முப்பது வருடத்தில், மூன்று படி ஏறிப் போன வீட்டுக்குள் இரண்டு படி இறங்கிப் போகவேண்டி வந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இது வெறும் படிக்கணக்கு இல்லை என்று எல்லோருக்கும் புரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் 'வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கித் தருகிறோம்' என்ற விளம்பரங்களைப் பலரும் கவனித்தார்கள். இந்தத் தொழிலில் கைதேர்ந்த குழுக்களில் பல ஹரியானாவிலிருந்து வந்தவை. செய்முறை சிகாகோவில் நடந்ததற்கு ஏறக்குறைய அண்ணன் தம்பி. சுவரோரமாகத் தோண்டுவார்கள். அஸ்திவாரத்துக்கு மேலே, சுவருக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து இரும்புச் சட்டங்களை நுழைப்பார்கள். அதன் கீழே வரிசையாகத் திருகு ஜாக்கிகள். ஒரு சாதாரண வீட்டுக்கே நூறு, இருநூறு ஜாக்கிகள் தேவைப்படும். ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் எல்லோரும் ஒரே அளவில் திருப்புவார்கள். கொஞ்சம் ஏறியதும் இடைவெளியில் கல் வைத்து முட்டுக் கொடுப்பார்கள். வேண்டிய உயரம் வந்ததும் சுவர் எழுப்பி, ஜாக்கிகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்து, அந்த ஓட்டைகளையும் அடைப்பார்கள்.

சுவரே பாரம் தாங்குகிற பழைய வீடுகளில் இது ஓரளவு சுலபம். கான்கிரீட் தூண்களில் நிற்கிற வீட்டில் தூணை அறுத்து, உயர்த்தி, கம்பிகளை மறுபடி இணைத்துக் கான்கிரீட் போட வேண்டும். அங்கே கணக்குத் தெரிந்த பொறியாளர் ஒருவர் பக்கத்திலேயே நின்றாக வேண்டும். அடுத்த வீட்டோடு பொதுச்சுவர் இருந்தால் இன்னும் வம்பு. குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மாடிப்படி, கேட் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும்.

ஓய்வு பெற்ற ஒரு வீட்டுக்காரரை நினைத்துப் பாருங்கள். வீடு கட்டியபோது ஆளுயரத்துக்கு மண் அடித்து, தெரு மட்டத்துக்கு மேலே மூன்றடி வைத்துத்தான் கட்டினார். அவர் செய்ததில் எந்தப் பிசகும் இல்லை. வீடு இறங்கவில்லை, தெரு ஏறியது. இப்போது கைவசம் இருக்கிற சேமிப்பை வீட்டைத் தூக்கப் போடுவதா, மழைக்காலத்தில் கட்டிலின் மேல் ஃப்ரிட்ஜை ஏற்றி வைத்துக்கொண்டு காலம் தள்ளுவதா? பணம் உள்ளவர் தூக்கிவிடுகிறார். அவர் வீட்டு மழைநீர், தூக்காத பக்கத்து வீட்டுக்குப் போகிறது. அடுத்த முறை தெருவுக்குத் தார் போடும்போது, தூக்கிய வீட்டின் உயரத்திலும் நாலு அங்குலம் குறைகிறது. ஜாக்கி வைத்துத் தூக்கிய வீடு தானாக இறங்காது. தெரு தானாக ஏறுவதை எந்த ஜாக்கியாலும் தடுக்க முடியாது.

தடுக்க வழி இல்லாமல் இல்லை. 2021-ல் தலைமைச் செயலாளராகப் பொறுப்பேற்ற இறையன்பு, பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் புதுச் சாலை போட வேண்டும், சாலையின் உயரம் கூடக் கூடாது என்று அதிகாரிகளுக்கு எழுதினார். சுரண்டும் இயந்திரம் இருக்கிறது, வழிமுறை இருக்கிறது. ஒரு இடத்தில் அதைச் செய்யாமல் விட்டால், அந்தத் தெருவில் இருக்கிற அத்தனை வீடுகளும் தலைக்கு நூறு ஜாக்கி தேட வேண்டும். செலவைக் கணக்குப் பார்த்தால் எது மலிவு என்று நாலாம் வகுப்புப் பையன்கூடச் சொல்லிவிடுவான். ஆனால் ஒரு செலவு ஊருடையது, மற்றது தனித்தனி வீட்டுக்காரருடையது. அதனால்தான் மலிவானது நடப்பதில்லை.

ஜாக்கியைச் சுற்றுகிறவர் யார்?

இதில் யாரும் பேசாத ஒருவர் இருக்கிறார். சட்டங்களுக்கு அடியில் குனிந்து, தூசியில் கம்பியைச் சுற்றுகிறவர். ஆயிரம் மைல் தாண்டி வந்தவர். வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு ஆபத்து இல்லை என்று விளம்பரம் சொல்கிறது. வீட்டுக்கு அடியில் இருப்பவரைப் பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது. 2022 ஆகஸ்டில் சென்னை சேலையூரில் ஒரு வீட்டை இப்படி உயர்த்திக்கொண்டிருந்தபோது சுவர் இடிந்து, வடமாநிலத் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். ஒரு நாள் செய்தியாக வந்து போனது.

திருகு தானாக இறங்காது என்பது உண்மை. கணக்கு பொய் சொல்லாது. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு ஜாக்கியும் அதன் தலையில் ஒரு பாரமும் மட்டுமே உண்டு. மண் இளகியிருந்தால், சுவர் நைந்திருந்தால், ஒரு பக்கம் கூடுதலாக ஏறினால், முட்டுக் கொடுக்க வேண்டிய கல்லை 'அப்புறம் வைத்துக்கொள்ளலாம்' என்று விட்டால், என்ன ஆகும் என்பது அந்தச் சூத்திரத்தில் இல்லை. அதையெல்லாம் பார்க்க ஒரு மனிதர் இருக்க வேண்டும். அந்த மனிதருக்குச் சம்பளம் கொடுப்பதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். மேற்பார்வைப் பொறியாளர் எதற்கு, முட்டுக்கு இத்தனை கல் எதற்கு, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் ஏற்றுவேன் என்கிற நிதானம் எதற்கு? எல்லாம் வீண் செலவு!

உராய்வும் அப்படித்தானே முதலில் வீண் செலவாகத் தெரிந்தது? தாங்குகிற எதுவும் முதல் பார்வைக்கு அப்படித்தான் தெரியும். சும்மா கூடவே ஏறி இறங்கும் அந்தக் கீழ் நட்டு, மெக்கானிக் முட்டுக் கொடுக்கும் ஸ்டாண்டு, 570 தடவையும் ஒரே அளவு திருப்புகிற பொறுமை, புதுத் தார் போடுவதற்கு முன் பழையதைச் சுரண்டுகிற ஒரு இரவு வேலை. எதையும் எஃபிசியன்ஸி கணக்கில் வரவு வைக்க முடியாது. எடுத்துவிட்டுப் பார்த்தால்தான் தெரியும், எத்தனை டன் அதன் மேல் நின்றது என்று.

அடுத்த வைவாவில் அந்தக் கேள்வி வந்தால் கூரையைப் பார்க்க வேண்டாம் நண்பர்களே. 'குறைகள்' என்ற தலைப்பில் எழுதி வைத்த முதல் வரியை அடித்துவிட்டு, 'பயன்கள்' என்ற தலைப்புக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மதிப்பெண் கிடைக்குமா என்பது எக்ஸ்டர்னலைப் பொறுத்தது. :)